பொறு

கச்சேரி மேல்மாடியில் அபிப்பிராயம் கேட்டார்கள்.
கொழும்பிலிருந்து மூன்று பேர்,
ஒரு பெட்டி தண்ணீர்ப்போத்தல்,
சுற்றும்போது முனகும் மின்விசிறி எங்களுடையது.
பதிவுக்கு என்னை இருத்தினார்கள்.
படிவத்தில் இடப்பக்கம் "வேண்டும்",
வலப்பக்கம் "வேண்டாம்",
நடுவில் அச்சிலேயே சரிந்துபோன ஒரு கோடு.

கேள்வி இருபத்திரண்டு:
பாராளுமன்றத்துக்கு மேல் இரண்டாம் சபை ஒன்று தேவையா?

இளைய சட்டத்தரணி எழும்பி விளக்கினார்.
முன்பு இருந்தது, செனற் சபை. முப்பது ஆசனம்.
எழுபத்தொன்றில் மூடிவிட்டார்கள்.
காசுச் சட்டத்தில் அது கை வைக்க இயலாது.
மற்றதைத் திருப்பி அனுப்பலாம், தாமதிக்கலாம்.
தடுக்க முடியாது.

"அவ்வளவுதானோ?" என்றது கடைசி வரிசை.
அவ்வளவுதான் என்றார், ஏதோ தன் பிழை போல.

நில அளவையாளராக இருந்த இரத்தினசபாபதி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"ஐம்பத்தாறில இருந்ததுதானே?
மொழிச் சட்டம் அந்த வாசலாலும் போனது.
வாசலுக்கு ரெண்டு நிலை வைச்சால்
கள்ளன் ரெண்டு தரம் குனிவான். வேறென்ன?"
வலப்பக்கம் ஒரு கோடு கீறினேன்.

சட்டம் படிக்கும் பிள்ளை, பெயர் யாழரசி,
ஒலிவாங்கியை மிகக் கிட்டப் பிடித்தாள்.
"எழுபத்தொன்பதில அது இல்லை, ஐயா.
ஒரே நாளில மூன்று வாசிப்பும் முடிச்சாங்கள்.
அந்தச் சட்டத்தில என்ர சித்தப்பா பதினாறு வருசம்."
இடப்பக்கம் ஒன்று.

மயிலிட்டித் தையல்நாயகி ஒலிவாங்கியை வாங்கவில்லை.
"தாமதம் எண்டால் என்னெண்டு
எங்களுக்குப் படிப்பியாதேங்கோ.
இருபத்தாறு வருசம். உறுதி கையில கிடக்கு,
காணி முட்கம்பிக்கு அங்கால கிடக்கு.
சுணக்கிறதுக்குச் சம்பளம் குடுத்து
இன்னுமொரு கூட்டமோ?"
மண்டபம் கைதட்டியது.
நானும் தட்டியிருப்பேன், பேனை இல்லாவிட்டால்.

பிறகு ஜுனைதீன்.
பழைய இரும்பு வியாபாரம், சோனகத் தெரு,
இடையில் நெடுங்காலம் புத்தளம்.
அவர் கேட்டது ஒன்றே ஒன்று:
"எவ்வளவு நேரத்துக்கு அவையள் தாமதிக்கலாம்?"
ஒரு வருடம் போல, என்றார் சட்டத்தரணி.

ஒரு வருடம், என்று அவர் தனக்குள் சொல்லிப் பார்த்தார்,
கைக்கு வராத எடைக்கல்லைத் தூக்கிப் பார்ப்பவர் போல.

"எங்களுக்குத் தந்தது ரெண்டு மணித்தியாலம்.
ஒலிபெருக்கியில வந்தது. வாசிப்பு ஒண்டும் இல்லை.
உலையில அரிசி கிடந்தது.
எனக்கு ஒரு வருசம் வேண்டாம்.
அண்டைக்கு ஒரு பின்னேரம்
'பொறுங்கோ, நாளைக்குக் கதைப்பம்' எண்டு சொல்ல
அதிகாரமுள்ள பத்துப் பேர்..."

முடிக்கவில்லை. இருந்துவிட்டார்.
ஒருவரும் கைதட்டவில்லை.
இரத்தினசபாபதி யன்னலைப் பார்த்தார்.
யன்னலில் பார்க்க ஒன்றுமில்லை,
கோட்டை மதிலில் காயும் யாரோ ஒருவரின் வெயில்.
அந்த ஐப்பசியில் நான் பத்து வயதுப் பிள்ளை.
எங்கள் வீட்டுக் கதவு அன்று பகலே பூட்டியிருந்தது.
அது மட்டும் நினைவிருக்கிறது.

"அது பாராளுமன்றம் செய்ததில்லையே," என்றார் தலைவர்,
"கேள்விக்குள் வராது."

எந்தப் பக்கம் போடுவது?
தையல்நாயகி கேட்பது பூட்டைத் திறக்க ஒரு கை.
ஜுனைதீன் கேட்பது ஓங்கிய கையைப் பிடிக்க ஒரு கை.
இரண்டு கையும் ஒரு சபைக்கு இருக்குமா என்று
எனக்குத் தெரியாது. நான் மூன்றாம் தர லிகிதர்.

சரிந்த கோட்டின் மேலேயே எழுதினேன்: பொறு.

மொழிபெயர்ப்பாளர் குனிந்து பார்த்தார்.
"இதை எப்படிப் போடுறது, மிஸ்?
காத்திரு எண்டா, தாங்கு எண்டா,
மன்னி எண்டா?"

நான் சொல்ல வாயெடுக்க
தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது.
கேள்வி இருபத்துமூன்றுக்குப் போவோம் என்றார்.